இரண்டரை வரைக்கும்

இரண்டு மணி ஐந்து நிமிடம். பதினேழு பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது வரிசையின் கடைசி பெஞ்சில் விடைத்தாள் மட்டும் கிடக்கிறது. மின்விசிறிக் காற்றில் அதன் முதல் பக்கம் எழும்பி எழும்பி விழுகிறது, நான் போய் டஸ்டரை எடுத்து அதன் மேல் வைத்தேன், வைத்த பிறகு பார்க்க இன்னும் சங்கடமாக இருந்தது, யாரோ இடம் போட்டுவிட்டுப் போய்த் திரும்பி வராத மாதிரி, மறுபடி போய் எடுத்துவிட்டேன், எடுத்ததும் தாள் மறுபடி எழும்ப ஆரம்பித்தது. இருக்கட்டும், வந்துவிடுவார், இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. தேர்வு தொடங்கி அரை மணி நேரம் வரைக்கும் உள்ளே விடலாம், இரண்டரைக்குக் கதவைச் சாத்த வேண்டும், சாத்திய பிறகு யார் வந்து நின்றாலும் திறக்கக் கூடாது, இது பல்கலைக்கழகம் போட்ட விதி. இருபத்தாறு வருடமாக நானும் ஒரு உறுத்தலும் இல்லாமல் சாத்தியிருக்கிறேன், அழுதுகொண்டு நின்ற பையன்களின் முகத்துக்கு நேராகச் சாத்தியிருக்கிறேன், சினிமாவுக்கு மட்டும் நேரத்துக்குப் போவீர்களா என்று உபதேசம் வேறு. இன்றைக்குத்தான் இரண்டரை ஆகிவிடக் கூடாதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வசந்தாமணி வரவில்லை. நல்லாம்பாளையத்து வசந்தாமணி, வயது முப்பத்தொன்பது, கறவை மாடு ஒன்று, கிடேரி ஒன்று, பிளஸ் டூ முடித்து இருபத்தோரு வருடம் கழித்து பி.ஏ. வரலாறு முதலாமாண்டு. ஏன் இப்போது படிக்க வந்தீர்கள் என்று முதல் நாள் எல்லோரையும் கேட்ட மாதிரி அவரையும் கேட்டேன். மற்றவர்கள் பதவி உயர்வு என்றார்கள், பிள்ளைகள் முன்னால் ஒரு மரியாதை என்றார்கள். அவர், “பன்னெண்டாவதுல கடைசிப் பரீட்சை எழுதுனதுக்கப்புறம் என்னை யாருமே ஒரு கேள்வி கேக்கலீங்க சார்” என்றார். வகுப்பு சிரித்தது, அவரும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை, ஆனால் அன்று வீட்டுக்குப் போய் என் மனைவி பிரபாவதியிடம், இன்றைக்கு நான் உன்னிடம் ஏதாவது கேள்வி கேட்டேனா என்று கேட்டேன். இப்போது கேட்டதுதான் முதல் கேள்வி என்றாள்.

இந்த இரண்டு மணியைக் கண்டுபிடித்தவன் நான்தான், இதில் தன்னடக்கம் எல்லாம் எனக்குக் கிடையாது. போன வருடம் கல்லூரி வாசலில் ஒரு பேனர் கட்டினோம், வேலைக்குப் போகிறவர்களும் பட்டம் பெறலாம், மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை வகுப்பு என்று கொட்டை எழுத்தில். சேர்ந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் எங்கள் அலுவலகத்து எழுத்தரே. முதல்வர் கூட்டம் போட்டு எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு கடைசியில் என் முகத்தில் வந்து நின்றார், சென்னியப்பன், நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள், கொஞ்சம் என்னவென்று பாருங்கள் என்றார். சும்மா இருப்பது என்றால் மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை வகுப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குவது, அது கல்லூரிக்கே தெரியும், வரலாற்றுத் துறை தூங்குகிற நேரம் என்று இயற்பியல்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சரி என்று என் மகள் பள்ளிக்கூடத்தில் பாதி எழுதிப் போட்ட கிராஃப் நோட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கினேன். ஆளுக்கு ஒரு பக்கம், கட்டத்துக்கு அரை மணி நேரம், வேலை இருக்கிற கட்டத்துக்குச் சிவப்புப் பென்சில். உங்களுக்கு ஓய்வு எப்போது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை, ஓய்வா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்கள், பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன், கை சும்மா இருப்பது எப்போது என்று கேட்டேன், அதற்குப் பதில் வந்தது. பரோட்டா மாஸ்டர் ஜமாலுக்கு மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, மாவு பிசையத் தொடங்குவதற்கு முன்னால். தனியார் பஸ் கண்டக்டர் திருமலைசாமிக்கு ஒன்று நாற்பதுக்கு வண்டி ஸ்டாண்டுக்குள் வந்தால் மூன்று முப்பத்தைந்துக்குத்தான் மறுபடி எடுக்க வேண்டும். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற மேரி புஷ்பத்துக்குப் பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டுக் கழுவிய பிறகு, சாயங்காலம் தையல் மிஷினில் உட்காருவதற்கு முன்னால். வசந்தாமணிக்குக் காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவில், புல் அறுத்துப் போட்டுத் தண்ணீர் காட்டிய பிறகு. வீட்டில் எல்லாப் பக்கங்களையும் தரையில் பரப்பிப் பார்த்தேன், ஐந்தரை முதல் எட்டரை வரை ஒரே சிவப்பு, ஐந்தரை மணிக்கு வேலை முடிந்து கை வீசிக்கொண்டு வருகிறவர்கள் என்று யாரை நினைத்து அந்தப் பேனரைக் கட்டினோம், எங்களை மாதிரி ஆட்களைத்தான். ஆனால் நடுவில், இரண்டிலிருந்து மூன்றரை வரை, பக்கத்துக்குப் பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஊரே தூங்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. தூங்கியது நான் ஒருவன்தான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, பிரபாவதியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் நின்றபடியே பார்த்துவிட்டு, எல்லோருக்கும் நேரம் கண்டுபிடித்தீர்கள், இனி உங்கள் தூக்கத்துக்கு என்ன வழி என்றாள். வழி ஒன்றும் இல்லை. முதல் வாரம் வகுப்பில் நானே தூங்கினேன், கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு மேஜையில் சாய்ந்து நின்றபடியே கண் செருகிவிட்டது, திருமலைசாமி முன் பெஞ்சிலிருந்து மெதுவாக, “சார், நீங்க எறங்கற எடம் வந்துருச்சு” என்றார். அவ்வளவு சிரிப்பை அந்தப் பதினான்காம் எண் அறை கேட்டிருக்காது.

இரண்டு பத்து. முன் ஜன்னல் வழியாக வாசல் கேட் தெரிகிறது, கேட்டுக்கு வெளியே தாராபுரம் ரோடு, ரோட்டில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு மொபெட் வந்தது, வசந்தாமணியின் மொபெட் பச்சை, வந்தது சிவப்பு. ஜமால் எழுதுகிற வேகத்தைப் பார்த்தால் விடைத்தாளைத் தட்டி வீசிவிடுவார் போல இருக்கிறது. மேரி புஷ்பம் ஒவ்வொரு வரி எழுதியதும் கையை முகத்துக்குக் கொண்டுபோய் மஞ்சள் வாசனையை முகர்ந்துகொண்டு அடுத்த வரிக்குப் போகிறார், தனக்கே தெரியாமல் செய்கிறார் என்று நினைக்கிறேன். இன்றைக்கு முதல் தாள், தமிழ், ஆறு தாள்களில் முதலாவது. ஆறும் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை. ஐந்து மணி வரை. இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன், இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறேன். இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன், ஆயிரம் தேர்வுக்குக் கண்காணிப்புப் பார்த்தவன், ஒரு தேர்வு என்றால் மூன்று மணி நேரம் என்பது அந்தக் கிராஃப் நோட்டைப் பரப்பி உட்கார்ந்திருந்த நாள் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. எல்லோரிடமும் நான் கேட்டு வாங்கியது ஒன்றரை மணி நேரம். வெள்ளைப் பட்டையின் அகலமே அவ்வளவுதான். சேருவதற்கு முன்னால் வசந்தாமணி பால் சங்கத்து வாசலில் கேனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், “கடைசி வரைக்கும் இதே நேரந்தானுங்களா சார்?” இதே நேரம்தான் என்றேன். யோசிக்கவே இல்லை. இதே நேரம்தான். தேர்வு அட்டவணை போனில் வந்தபோது நான் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், இரண்டு முதல் ஐந்து என்று படித்ததும் வாயில் இருந்த தோசை அப்படியே நின்றது. இதே நேரம்தான் என்று சொன்ன வாய் அது. மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், என் தப்பு, முழுக்க என் தப்பு, நான் கேட்டது ஒன்றரை மணி நேரம், அவர்கள் கேட்பது மூன்று என்றேன். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இந்த நிமிடம் கூட, இந்தப் பாழாய்ப்போன காலி பெஞ்சுக்கு நடுவிலும், எனக்குச் சிரிப்பு வருகிறது.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் ஆச்சரியம். இவர்கள் எல்லோரும் இன்னொருவருக்காகக் கை மாற்றி நின்று பழகியவர்கள், நாளைக்கு அவர் நிற்பார் என்று தெரிந்தவர்கள், எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வகுப்பை மாற்றிக்கொள்ள மூன்று நாள் பேச்சுவார்த்தை நடக்கும். ஜமால் அங்கேயே போனை எடுத்து மச்சானிடம் மாவை ஒப்படைத்தார், உப்பை மட்டும் நான் வந்து போடுகிறேன் என்றார். திருமலைசாமி ஆறு நாளைக்கு மாற்று ஆள் பிடித்தார், பதிலுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை இவர் ஏறுகிறார். மேரி புஷ்பம் தீபாவளித் துணியை எல்லாம் முன்கூட்டியே தைத்து முடித்தார். வசந்தாமணிக்குத்தான் சிக்கல். மூன்றே முக்காலுக்குக் கறந்தாக வேண்டும், நாலரைக்குச் சங்கத்து வண்டி வந்துவிடும், கறப்பதற்கு வீட்டுக்காரர் குப்புசாமி இருக்கிறார், தயாராகவும் இருக்கிறார், ஆனால் செவலை மாடு ஒப்புக்கொள்ளாது. ஏழு வருடமாக ஒரே கை. வேறு யார் மடியில் கை வைத்தாலும் பாலை மேலே இழுத்துக்கொள்ளும், கூடவே ஒரு உதை. மேரி புஷ்பம்தான் சொன்னார், அவர் பிறந்த ஊரில் ஒரு ஆள் மனைவியின் சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து கறப்பாராம், மாடு மனைவி என்று நினைத்துப் பாலை விட்டுவிடுமாம். குப்புசாமி நார் மில்லில் வேலை பார்க்கிற மனிதர், நல்ல மீசை, நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், அதிகம் பேச மாட்டார். இதற்கு ஒத்துக்கொள்வாரா என்று எங்களுக்கெல்லாம் சந்தேகம். மறுநாள் வசந்தாமணி வந்து, கட்டிக்கிட்டாருங்க என்றார். அதிலிருந்து மூன்று வாரம் எங்கள் வகுப்பு இரண்டு மணிக்குப் பாடத்தில் தொடங்கவே இல்லை, முதலில் மாட்டுச் செய்தி. முதல் நாள் உதையில் சொம்பு வாசலுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் மாடு திரும்பி மீசையைப் பார்த்துவிட்டது. ஐந்தாம் நாள் முக்காடு போட்டுப் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் அரை லிட்டர். வகுப்பு கை தட்டியது, பக்கத்து அறையில் தாவரவியல் செய்முறை நடத்திக்கொண்டிருந்த அம்மா வந்து என்ன கலாட்டா என்று கேட்டார், பல்லவர் காலம் நடத்துகிறேன் என்றேன். பதினாறாம் நாள் முழுக் கறவை. அன்று வசந்தாமணி எல்லோருக்கும் சீம்பால் இல்லாத குறையைப் பால்கோவா கொண்டுவந்து தீர்த்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன், அப்போது அவர் டிபன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, சிரித்த முகத்தோடுதான், ஒன்று சொன்னார். “முதல் பரீட்சை தவறிப் போச்சுன்னா அப்புறம் நான் வர மாட்டனுங்க சார். எனக்கு என்னைத் தெரியும். மாட்டையும் வீட்டையும் காட்டி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்குவேன்.” தவறினால் அடுத்த பருவத்தில் எழுதலாம் அம்மிணி, அதற்கெல்லாம் வழி இருக்கிறது என்றேன். வழி இருக்குதுங்க, நான்தான் இருக்க மாட்டேன் என்றார்.

இரண்டு பத்தொன்பது. கேட்டில் யாரும் இல்லை. யோசிக்காமல் இருக்கலாம் என்று வரிசைகளுக்கு நடுவில் நடக்கிறேன், என் செருப்புச் சத்தம் எனக்கே எரிச்சலாக இருக்கிறது, கழற்றி மேஜைக்கு அடியில் விட்டுவிட்டு வெறுங்காலில் நடக்கிறேன், தரை ஜில்லென்று இருக்கிறது. மாடு உதைத்திருக்குமோ. மனிதனை உதைத்தால் எங்கே படும் என்று யோசிக்கிறேன், யோசிக்காதே. வெயிலில் மொபெட்டில் வரும்போது லாரி, அந்த நூற்பாலை வளைவில் போன வருடம் கூட, யோசிக்காதே என்றால் மனது கேட்கிறதா, ஒன்றை விட்டால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்கிறது. குப்புசாமி கடைசி நேரத்தில் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மில்லில் யாராவது கேலி பேசியிருப்பார்கள். சேலை கட்டிய மீசைக்காரர் என்று நான்கு பேர் சிரித்தால் எந்த மனிதருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும், நான் கட்டுவேனா, பிரபாவதிக்காக நான் கட்டுவேனா, கட்ட மாட்டேன், வெளியே வேண்டுமானால் கட்டுவேன் என்று சொல்லிக்கொள்வேன். அல்லது வசந்தாமணியே தனக்குத் தானே சமாதானம் சொல்லத் தொடங்கியிருப்பார். இந்த நிமிடம் தொழுவத்தில் நின்று மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, போகட்டும், இந்த வயதில் நமக்கு எதற்கு என்று. அந்த நினைப்புத்தான் லாரியை விடப் பயமாக இருக்கிறது. எல்லாம் அந்த ஒரு வார்த்தை. இதே நேரம்தான். அவர் கேட்டபோது ஒரு நிமிடம் யோசித்திருந்தால், இல்லை அம்மிணி, வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் மூன்று மணி நேரம் வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தால், அவர் சேர்ந்தே இருக்க மாட்டார், பால் கேனோடு திரும்பிப் போயிருப்பார், பல்லவர் காலம் தெரியாமலே சௌக்கியமாக இருந்திருப்பார். அது நன்றாக இருந்திருக்குமா. இருந்திருக்காது. இந்தப் பருவம் முழுக்க எனக்குக் கிடைத்த மத்தியானங்களை யாராவது திரும்பக் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன், தூக்கத்தையே திருப்பித் தருகிறேன் என்றாலும் கொடுக்க மாட்டேன். ஏரி வெட்டிய கல்வெட்டைப் படித்துக் காட்டியபோது, மடை திறக்கிற முறை யாருக்கு முதலில், வாய்க்காலின் தலைக்கா கடைக்கா என்று சண்டை போட்டார்கள், அரை மணி நேரம் நான் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். இருபத்தாறு வருடத்தில் என் பாடத்துக்காக யாரும் சண்டை போட்டதில்லை. இரண்டு இருபத்து மூன்று.

ஜமால் தலையை நிமிர்த்தாமல் தண்ணீர் என்று சைகை காட்டினார். தண்ணீர்க் கேன் அறையின் பின் மூலையில், பின் ஜன்னலுக்குக் கீழே. டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவன் ஜன்னல் கம்பி வழியாக வெளியே பார்த்தேன், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் வசந்தாமணி உட்கார்ந்திருந்தார். நீலச் சேலை, தலை வாரிப் பூ வைத்து, ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மடியில் நோட்டை விரித்து உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல். தண்ணீர் என் வெறுங்காலில் கொட்டியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருபது நிமிடமாக நான் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் வாய்க்கால் மேட்டு வழியாகப் பின்பக்கம் வந்திருக்கிறார், எப்போதும் அப்படித்தான் வருவாராக இருக்கும், எந்த வழியாக வருகிறீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வந்தவர் ஏன் உள்ளே வராமல் அங்கே உட்கார்ந்திருக்கிறார். பிறகுதான் புரிந்தது. வகுப்பு தொடங்கிய முதல் மாதம் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருப்பார்கள், இரண்டு ஐந்துக்கு ஒருவர், இரண்டு பன்னிரண்டுக்கு ஒருவர், ஒவ்வொரு தடவையும் எல்லாத் தலையும் திரும்பும், நான் விட்ட இடம் எனக்கே மறந்துவிடும். கடைசியில் திருமலைசாமி எழுந்து, கை காட்டுகிற இடத்தில் எல்லாம் நிறுத்தினால் வண்டி ஊர் போய்ச் சேராது சார், ஸ்டாப் வைத்துவிடுங்கள் என்றார். எல்லோரும் கூடி வைத்தோம். இரண்டு மணி, இரண்டரை, மூன்று. இரண்டு மணி ஸ்டாப்பை விட்டவர்கள் சத்தம் காட்டாமல் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க வேண்டும், இரண்டரைக்கு நான் கதவைத் திறந்து ஏறிக்கலாம் என்று குரல் கொடுப்பேன், அப்போதுதான் உள்ளே வரலாம். ஒருவர் கூட மீறியதில்லை, இந்த வகுப்பின் பெருமையே அதுதான் என்று நான் ஆசிரியர் அறையில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு இரண்டரை என்றால் கதவு சாத்துகிற நேரம். வசந்தாமணிக்கு இரண்டரை என்றால் கதவு திறக்கிற நேரம். அரை மணி விதியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியது இன்றைக்கு இரண்டு மணிக்கு, அறைக்குள் இருந்தவர்களுக்கு. நான் தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் வராமல் இருந்திருந்தால் சரியாக இரண்டரைக்கு ஒழுங்காக எழுந்து வந்து சாத்திய கதவின் முன்னால் நின்றிருப்பார்.

ஜன்னலில் தட்டினேன், கேட்கவில்லை. கண்காணிப்பாளர் அறையை விட்டு வெளியேறக் கூடாது, அதுவும் விதி. வாசலுக்கு ஓடினேன், ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு மறு காலை வராந்தாவில் வைத்து எட்டிப் பார்த்தால் சுவரின் மூலை மறைக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், என் தொண்டைக்கு வேறு வார்த்தை வரவில்லை, தேர்வு நேரத்தில், முதல்வர் அறை வரைக்கும் கேட்கிற மாதிரி, “ஏறிக்கலாம்” என்று கத்தினேன். அறைக்குள் பதினேழு பேரும் திரும்பினார்கள். திருமலைசாமி பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. மூலையைத் திரும்பி வசந்தாமணி வந்தார், ஓடவில்லை, வேகமாக நடந்து வந்தார், என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் கலவரம் வந்தது. வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். ரெண்டு ஏழுக்கே வந்துட்டனுங்க என்றார். வீட்டுக்காரருக்குச் சேலை கட்டிவிட்டுத்தான் கிளம்ப முடிந்ததாம், குப்புசாமிக்குக் கொசுவம் வைக்க இன்னும் வரவில்லையாம், இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாராம். உள்ளே நேராக வந்திருக்கலாமே அம்மிணி, பரீட்சைக்கு எதற்கு ஸ்டாப் என்றேன். “பாடத்துக்கே நடுவுல வரக்கூடாதுன்னு வெச்சிருக்கோம், இது பரீட்சையாச்சுங்களே சார். எழுதறவங்களுக்குக் கவனம் கலஞ்சிருமேன்னுதான்” என்றார். எத்தனை வருடம் எத்தனை பேர் என் வகுப்புக்கு நடுவில் புகுந்து போயிருக்கிறார்கள், முதல்வர் சுற்றறிக்கையோடு வருவார், ஊழியர் சாக்பீஸோடு வருவார், நானே அடுத்தவர் வகுப்பில் தலையை நீட்டிச் சாவி கேட்டிருக்கிறேன். ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன், இரண்டு இருபத்தாறு என்று குறித்தேன், கையெழுத்து வாங்கினேன். இருபது நிமிடத்துக்கு மேல் போய்விட்டது, கவலைப்படாதீர்கள், பெரிய கேள்விகளை முதலில் எழுதிவிடுங்கள் என்று அவர் பின்னாலேயே வெறுங்காலில் நடந்தேன், ஜமால் கண்ணால் என் பாதத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். காற்றில் எழும்பிக்கொண்டிருந்த தாளை உள்ளங்கையால் அமர்த்தினார், அது அடங்கியது. வினாத்தாளைக் கொடுத்தேன். கேள்விகளை மேலிருந்து கீழே ஒருமுறை நிதானமாகப் படித்தார், இருபத்தோரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகள், படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவர் பேனாவைத் திறக்கவில்லை. நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தார். அதில் நான் எழுதி வைத்திருந்தேன், இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை.

“சார்” என்றார், மெல்லிய குரலில்.

“சொல்லுங்க.”

“அஞ்சு மணி வரைக்கும் முழுசும் எனக்கேங்களா?”

கேள்வி எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நேரம் போதாது என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவருடைய கிராஃப் பக்கம் மனதில் வந்தது, விடியற்காலை நாலரையிலிருந்து கட்டம் கட்டமாக நான் சிவப்பு அடித்த பக்கம், பகல் முழுக்க மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் வெள்ளையாக எங்கும் இல்லாத பக்கம். மூன்று மணி நேரம் கேட்டுவிட்டோமே என்று மூன்று வாரமாக நான் தலை குனிந்து திரிந்தேன். யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

“உங்களுக்கேதான் அம்மிணி. யாரும் கூப்பிட மாட்டாங்க” என்றேன்.

சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். இரண்டரை ஆயிற்று. நான் போய்க் கதவைச் சாத்தினேன்.